வாளை வைத்துச் சுத்தியல் எடுத்த யமாவோ

ஜப்பானியரின் எழுச்சியைப் பற்றிப் பேசுங்கால் நம்மவர் இட்டோ பிரபுவின் பெயரைச் சொல்வர்; கடற்படைத் தலைவர் டோகோவின் பெயரைச் சொல்வர். அவர்களுக்குப் பின்னே கரி படிந்த கையுடன் நின்ற ஒருவரை நினைப்போர் சிலரே. அவர் பெயர் யமாவோ யோஸோ. எஞ்சினீயரிங் கல்வியின் தந்தை என்று தமது நாட்டில் போற்றப்படும் இப்பெரியார், 1917-ம் வருஷம் டிசம்பர் மாதம், எண்பது வயது நிரம்பிக் காலமானார். கல்லூரியில் படிப்பவன் பட்டறைக்குப் போக வேண்டுமா, பட்டறையில் உழைப்பவன் கல்லூரிக்கு வர வேண்டுமா என்னும் கேள்வி இன்றும் தீர்ந்தபாடில்லை. அக்கேள்விக்குத் தம் வாழ்க்கையையே விடையாகத் தந்தவர் யமாவோ. ஆதலின் அவர் சரிதத்தை வாசகர் முன் வைக்க விழைகின்றோம்.

யமாவோ 1837-ம் வருஷம், ஜப்பானின் மேற்குப் பகுதியில் உள்ள சோஷூ நாட்டில் பிறந்தார். அவருக்குப் பதினாறு வயதாகும்போது, 1853-ல், அமெரிக்கக் கப்பற்படை கரும்புகை கக்கிக்கொண்டு யெடோ விரிகுடாவில் வந்து நின்றது. அடுத்த சில ஆண்டுகளில் அந்நியர் தமக்கு வேண்டிய உடன்படிக்கைகளை ஜப்பான் மீது சுமத்தினர். அந்நியர் செய்த குற்றத்தை அந்நிய நாட்டின் நீதிமன்றமே விசாரிக்கும். துறைமுகத் தீர்வையைத் தன் இஷ்டப்படி விதிக்க ஜப்பானுக்கு உரிமை இல்லை. இவ்விழிவைக் கண்டு மனங்கொதித்த வாலிபர் பலர். அவர்களுள் முன் வரிசையில் நின்றவர் சோஷூ நாட்டினர். அவ்வரிசையில் யமாவோவும் நின்றார்.

இவ்விடத்தில் ஒன்றை நாம் மறைக்க விரும்பவில்லை. பெரியோர் சரிதம் எழுதுவோர் அவர்தம் குற்றங்களைத் திரையிட்டு மூடுவது வழக்கம். அது சரிதமாகாது, துதியாகும். 1863-ம் வருஷத் தொடக்கத்தில், யெடோவில் ஆங்கிலேயத் தூதருக்கெனக் கட்டப்பட்டு வந்த மாளிகைக்குச் சோஷூ வாலிபர் தீ வைத்தனர். அக்கூட்டத்தில் யமாவோவும் இருந்தார். பிற்காலத்தில் பிரதம மந்திரியான இட்டோவும் இருந்தார். அது நிகழ்ந்து பத்து நாள் ஆவதற்குள், ஹனாவா ஜிரோ என்னும் கல்விமானை இவ்விருவரும் வாளால் வெட்டினர். சக்கரவர்த்தியைப் பதவியினின்று நீக்குதற்குப் பழைய ஏடுகளில் ஆதாரம் தேடுகிறார் என்று அவர்மீது ஒரு வதந்தி உலாவியது. அவ்வதந்தி பொய். பொய் வதந்தியை நம்பி ஒரு பண்டிதரின் உயிரைக் கவர்ந்தனர். வெட்டுண்டவர், கண்ணிழந்தவராயிருந்தும் பழைய நூல்களையெல்லாம் தொகுத்துப் பெரும்புகழ் எய்திய ஹனாவா ஹொகியிச்சியின் புதல்வராவார். இதனை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வாராக.

தூதர் மாளிகை எரிந்தது, அந்நியன் போகவில்லை. அவன் கப்பல் அப்படியே நின்றது. அவன் பீரங்கி அப்படியே நின்றது. அப்பீரங்கியைச் செய்யும் வித்தையைக் கற்றாலன்றி விமோசனமில்லை என்பது சோஷூத் தலைவர் சிலருக்குப் புலனாயிற்று. அவ்வாண்டு ஜூன் மாதமே ஐந்து வாலிபர் யோகொஹாமாவில் இரகசியமாகக் கப்பலேறினர். யமாவோ, இட்டோ, இனோயி கவோரு, இனோயி மஸாரு, எண்டோ கின்ஸுகே என்போர் அவ்வைவர். அனுமதியின்றி ஜப்பானை விட்டு வெளியேறுவோருக்கு அக்காலத்தில் மரண தண்டனை. ஆங்கிலேயர் மாளிகைக்குத் தீயிட்ட கை, ஆறு மாதத்திற்குள் ஆங்கிலேய வியாபாரக் கம்பெனியொன்றின் உதவியைப் பற்றிக்கொண்டு ஆங்கிலேயர் நாட்டுக்கே பாடங்கேட்கச் சென்றது. பகைமை அறிவாக மாறும் வேளை இதுவே போலும்.

லண்டன் சர்வகலாசாலைக் கல்லூரியில் ரசாயன ஆசிரியராயிருந்த வில்லியம்ஸன் அவர்களை ஆதரித்தார். ஐவரும் அக்கல்லூரியில் பயிலத் தொடங்கினர். 1864-ல், சோஷூ மீது மேனாட்டாரின் கப்பற்படை பாயவிருக்கும் செய்தி எட்டியது. போரைத் தடுக்கும் நோக்குடன் இட்டோவும் இனோயி கவோருவும் ஊர் திரும்பினர். யமாவோ திரும்பவில்லை. ஊர் பற்றியெரியும்போது பாடசாலையில் அமர்ந்திருப்பது எளிதன்று. ஆயினும் வந்த காரியம் முடியாமல் திரும்புதல் தகாதென அவர் துணிந்தார்.

லண்டனில் இரண்டு ஆண்டு சாஸ்திரம் கற்றபின் அவருக்கு ஒரு குறை தோன்றிற்று. கப்பலைப் பற்றிப் படித்தாயிற்று. கப்பல் கட்டத் தெரியவில்லை. ஸ்காட்லாந்தில் கிளைடு ஆற்றங்கரையில் உள்ள கிளாஸ்கோ நகரமே அந்நாளில் இரும்புக் கப்பல் தொழிலின் தலைநகரம். அங்கே செல்ல அவரிடம் பணமில்லை. அச்சமயம் ஸத்ஸுமா நாட்டு மாணவர் சிலர் லண்டனில் தங்கியிருந்தனர். ஸத்ஸுமாவும் சோஷூவும் ஒன்றையொன்று வெட்டி மடிந்த பகை நாடுகள். எனினும் அம்மாணவர் ஆளுக்கொரு பவுனாகத் திரட்டி யமாவோவின் கையில் கடனாகக் கொடுத்தனர். ஊரில் பகைவர், அந்நிய மண்ணில் ஒரு தேசத்தார். ஜப்பான் என்னும் ஒருமை உணர்ச்சி முளைத்த இடங்களில் லண்டன் நகரத்து மாணவர் அறையும் ஒன்று என்று நாம் சொல்வோம்.

1866 முதல் 1868 வரை யமாவோ கிளாஸ்கோவில் வாழ்ந்தார். காலின் பிரவுன் என்பவர் இல்லத்தில் தங்கினார். பகற்போது முழுதும் ராபர்ட் நேப்பியர் கம்பெனியின் கப்பல் கட்டும் துறையில் அப்ரெண்டிஸாகத் தொழில் பழகினார். அது சாமானியமான கம்பெனியன்று. ஆங்கிலக் கடற்படைக்கு இரும்புக் கவசமிட்ட பெரும் போர்க்கப்பலைக் கட்டிக் கொடுத்த கம்பெனி. வேலை முடிந்து மாலையானதும் ஆண்டர்ஸன் கல்லூரிக்குச் செல்வார். பட்டறையில் உழைப்போர் இராக்காலத்தில் சாஸ்திரம் கற்பதற்கு வாய்ப்பளித்த கல்லூரி அது. பகலில் இரும்பு, இரவில் ஏடு. பகலில் கண்டதன் காரணத்தை இரவில் அறிந்தார். இரவில் கற்றதன் மெய்ம்மையைப் பகலில் சோதித்தார். வாளேந்திய குலத்தார் கைத்தொழிலைக் கீழானதென எண்ணிய காலம் அது. அக்குலத்து அறிவை வளர்த்துக்கொண்ட ஒருவர் தொழிலாளரோடு தொழிலாளராய் நின்று சுத்தியல் பிடித்தார். அந்நிய நாட்டில் கற்ற பாடங்களுள் இதுவே பெரிது.

அத்துறையில் அவர் மற்றொரு காட்சியும் கண்டார். செவிடரும் ஊமையருமான தொழிலாளர் சிலர் அங்கு வேலை செய்தனர். கைச்சைகையால் பேசிக்கொண்டு, மற்றவருக்குச் சிறிதும் குறையாமல் அவர்கள் தொழில் புரிந்தனர். இக்காட்சி யமாவோவின் நெஞ்சில் பதிந்தது. அதன் விளைவைப் பின்னர்க் கூறுவோம்.

1868-ல் பழைய ஆட்சி வீழ்ந்து மெய்ஜி ஆட்சி மலர்ந்தது. அவ்வாண்டிலேயே யமாவோ தாயகம் திரும்பினார். 1870-ல் புதிய சர்க்காரில் அமர்ந்தார். அவ்வாண்டின் இறுதியில் மராமத்து இலாகா நிறுவப்பட்டது. ரயில், தந்தி, சுரங்கம், கலங்கரை விளக்கம், இரும்புத் தொழில் யாவும் அதன் பொறுப்பு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் அந்நிய எஞ்சினீயரைத் தருவித்துப் பெருஞ்சம்பளம் கொடுக்க வேண்டியிருந்தது. இந்நிலை நீடிக்குமாயின் ரயில் ஜப்பானுடையதாயினும் அறிவு அந்நியனுடையதாகவே இருக்கும் என்று யமாவோ கண்டார். சொந்த எஞ்சினீயர்களை உண்டாக்கும் கலாசாலை வேண்டுமென வாதித்தார். தொழிலே இல்லாத நாட்டில் தொழிற்கல்வி பெற்றவர் என்ன செய்வர் என்று சிலர் எதிர்த்தனர். இன்று தொழில் இல்லாவிடினும் ஆளை உண்டாக்கினால் அவ்வாள் தொழிலைக் கண்டடைவான் என்பது யமாவோவின் மறுமொழி. அம்மறுமொழி வென்றது. 1871-ல் எஞ்சினீயரிங் கல்விக்கெனத் தனித்துறை அமைந்தது. 1877-ல் அதன் கலாசாலை எஞ்சினீயரிங் பெருங்கல்லூரி என்னும் பெயர் பெற்றது.

கலாசாலைக்குத் தலைவராக 1873-ல் ஸ்காட்லாந்தினின்று ஹென்றி டயர் என்பவர் வந்தார். அவர் வயது இருபத்தைந்தைத் தொட்டுக் கொண்டிருந்தது. அவரும் கிளாஸ்கோவில் ஓர் இரும்புப் பட்டறையில் அப்ரெண்டிஸாக இருந்துகொண்டே அதே ஆண்டர்ஸன் கல்லூரியில் மாலையில் படித்தவர். யமாவோ படித்த ஆண்டுகளிலேயே படித்தவர். பின்னர்க் கிளாஸ்கோ சர்வகலாசாலையில் ராங்கின் என்னும் பேராசிரியரிடம் பயின்றார். அக்காலத்தில் ஆங்கிலேயர் பட்டறைப் பழக்கமே போதுமென்றிருந்தனர். பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் சாஸ்திரத்தை முதன்மையாகக் கொண்டனர். டயர் இரண்டையும் பிணைத்தார். கப்பல் பிரயாணத்திலேயே அவர் வரைந்து முடித்த பாடத்திட்டத்தை யமாவோ ஏற்றுக்கொண்டார். தாம் பட்ட பாட்டை அத்திட்டத்தில் அவர் கண்டிருத்தல் வேண்டும்.

படிப்பு ஆறு ஆண்டு. முதலிரண்டு ஆண்டு பொதுக்கல்வி. அடுத்த இரண்டு ஆண்டு தனித்தொழிற் கல்வி. அவற்றில் பாதிக்காலம் கல்லூரியிலும் பாதிக்காலம் தொழிற்களத்திலும் கழியும். கடைசி இரண்டு ஆண்டு முழுதும் தொழிற்களத்திலேயே. டோக்கியோவில் இலாகாவுக்குச் சொந்தமான அகபானே யந்திரசாலையும், நாடெங்கும் நடைபெற்ற ரயில், சுரங்க, தந்தி வேலைகளும் மாணவர்க்குப் பட்டறைகளாயின. பாடங்கள் ஆங்கிலத்தில் நடந்தன. அதற்காக நாடு அடிமைப்படவில்லை. கற்றுத் தேர்ந்தவர் ஆசிரியராக, அந்நிய ஆசிரியர் ஒவ்வொருவராக விடைபெற்றனர். டயரும் 1882-ல் தாயகம் திரும்பினார்.

1879-ல் இருபத்து மூவர் முதல் வகுப்பாகத் தேறி வெளிவந்தனர். அவர்களுள் டாட்ஸுனோ கிங்கோ, தம் ஆங்கில ஆசிரியர் கோண்டருக்குப் பின் அவரிருந்த ஆசனத்தில் அமர்ந்தார். 1914-ல் திறக்கப்பட்ட டோக்கியோ ரயில் நிலையம் அவர் படைப்பு. டகாமினே ஜோகிச்சி ரசாயனத்தில் உலகப்புகழ் பெற்றார். 1883-ல் தேறிய டனபே ஸகுரோவின் வரலாறு இம்முறையின் பயனை நன்கு விளக்கும். மாணவராயிருக்கும்போதே அவர் கியோட்டோவுக்குத் தொழிற்பயிற்சிக்காகச் சென்றார். பீவா ஏரியின் நீரை மலையைக் குடைந்து நகருக்குக் கொணரும் வழியை அளந்து ஆராய்ந்தார். பரீட்சைக்கென எழுதிய அக்கட்டுரையே மெய்யான வேலைக்கு அடிப்படையாயிற்று. இருபத்தொரு வயதில் அவ்வேலையை ஏற்றார். 1890-ல் கால்வாய் முற்றுப்பெற்றது. அடுத்த ஆண்டு அந்நீர் மின்சாரமும் தந்தது. பட்டறையையும் பள்ளியையும் பிரித்து வைத்திருந்தால் இது நிகழ்ந்திருக்குமா? அக்கலாசாலையில் போதித்த ஏர்ட்டனும் பெரியும் லண்டன் திரும்பிப் பின்ஸ்பரி தொழிற்கல்லூரியில் பணிபுரிந்தனர். டோக்கியோவில் கண்ட அநுபவம் லண்டனுக்கும் பயன்பட்டது.

யமாவோ 1880-ல் மராமத்து மந்திரியானார். 1885-ல் அவ்விலாகா கலைக்கப்பட்டது. 1886-ல் கலாசாலை டோக்கியோ சர்வகலாசாலையோடு இணைந்தது. பதவிகள் வந்தன, போயின. ஆனால் 1871-லேயே அவர் சர்க்காருக்கு வேறொரு விண்ணப்பமும் செய்திருந்தார். குருடருக்கும் செவிடருக்கும் பாடசாலை வேண்டும் என்பது அது. கிளைடு ஆற்றங்கரையில் கண்ட சைகைத் தொழிலாளரை அவர் மறக்கவில்லை. அவ்விண்ணப்பம் உடனே பலிக்கவில்லை. பின்னர் அந்நோக்கத்துடன் தோன்றிய சங்கத்தில் அவரும் சேர்ந்து உழைத்தார். 1880-ல் டோக்கியோவில் குருடர் பாடசாலை திறக்கப்பட்டது. செவிடரும் பிறகு சேர்க்கப்பட்டனர். ஹனாவா குடும்பத்துக்கு இழைத்த கொடுமையே அவரை இப்பணிக்குத் தூண்டியதெனச் சிலர் கருதுவர். மனிதர் நெஞ்சின் ஆழத்தை நாம் அளந்து சொல்லல் இயலாது. கண்ணிழந்த பண்டிதரின் மகனை வெட்டிய கை, கண்ணிழந்த குழந்தைகளுக்குப் பள்ளி எழுப்பத் துணை நின்றது என்பது மட்டும் சரித்திரம்.

ஜப்பானின் தொழில் வல்லமை முற்றும் நன்மைக்கே பயன்பட்டதென நாம் கூறோம். யமாவோ உயிரோடிருக்கும்போதே, 1910-ல், ஜப்பான் கொரியாவை விழுங்கியது. தன்மீது சுமத்தப்பட்ட நுகத்தை நீக்கிக்கொண்ட நாடு அதனினும் கொடிய நுகத்தை அயல்நாட்டின் கழுத்தில் பூட்டிற்று. சுத்தியல் ஏரையும் செய்யும், விலங்கையும் செய்யும். எதைச் செய்வதென்று முடிவு செய்வது தொழிலறிவன்று, அறம். இதனையும் சேர்த்துக் கற்றாலே ஜப்பானின் பாடம் முழுப்பாடமாகும்.

தேசத்தொண்டு என்றவுடன் தீப்பந்தத்தை நினைக்கும் வாலிபர் எக்காலத்தும் உண்டு. யமாவோவும் தீப்பந்தத்தில்தான் தொடங்கினார். அவர் கொளுத்திய மாளிகையால் ஜப்பானுக்கு ஒரு நன்மையும் விளையவில்லை. கிளாஸ்கோப் பட்டறையில் கையில் காய்ப்பு ஏற நின்ற இரண்டு ஆண்டுகளால் ஒரு தேசம் கல்வி பெற்றது. கற்றவன் கைகட்டி நிற்பதும், கைவல்லவன் கல்லாது நிற்பதும் தேசத்துக்கு நட்டம். கம்பெனிகள் தம் பட்டறைக் கதவை மாணவர்க்குத் திறக்கட்டும். கலாசாலைகள் தம் மாலைப்பொழுதைத் தொழிலாளர்க்குத் திறக்கட்டும். அவ்விரு கதவுகளுக்கும் இடையே நடந்து சென்ற ஒருவரின் காலடியை நாம் காட்டினோம். அவ்வழி இன்னும் தூர்ந்து போகவில்லை.