தொப்பி ஊசியும் காலுறைப் பட்டியும்

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் பழைய கார் நடுவழியில் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றியது. ஆனால் ஓட மறுத்தது. உதவிக்கு வந்த மெக்கானிக், மல்டிமீட்டர் என்னும் சிறு கருவியின் சிவப்பு, கறுப்பு முனைகளை அங்கும் இங்கும் வைத்துச் சோதித்தார். ஆவல் தாங்காமல் நானும் இறங்கி எட்டிப் பார்த்தேன். பெண் பிள்ளைக்கு இங்கே என்ன வேலை, உள்ளே போய் உட்கார் என்று உறவினர் ஒருவர் கடிந்துகொண்டார். மெக்கானிக்கோ சிரித்துக்கொண்டே, உலகில் முதன்முதலாக நெடுந்தூரம் சென்ற காரை வழியெல்லாம் சரிசெய்து கொண்டுபோனவரே ஒரு பெண்மணிதான் என்றார். அந்த அம்மையார் யாரென்று தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

அவர் பெயர் பெர்தா பென்ஸ். ஜெர்மனி நாட்டில் போர்ட்ஸ்ஹைம் என்ற நகரில் 1849-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் நாள் பிறந்தார். தந்தை தச்சுத் தொழிலில் பொருள் சேர்த்தவர். பிள்ளைகளின் பிறப்பை அவர்கள் குடும்ப வேதாகமத்தில் குறித்து வைப்பார்கள். பெர்தா பிறந்தபோது, இந்த முறையும் பெண்ணாகப் போயிற்றே என்ற வருத்தம் தோன்றும்படி அதில் எழுதிவைத்தார்கள். சிறுமியாக இருந்த பெர்தா ஒருநாள் அதைத் தம் கண்ணாலேயே படித்தாராம். பிஞ்சு உள்ளம் எவ்வளவு நொந்திருக்கும்!

வளர்ந்த பின் கார்ல் பென்ஸ் என்ற பொறியாளருக்கு அவரை நிச்சயம் செய்தார்கள். கார்லிடம் பணம் இல்லை. குதிரை இல்லாமல் ஓடும் வண்டி ஒன்றைச் செய்ய வேண்டும் என்ற கனவு மட்டுமே இருந்தது. மான்ஹைம் நகரில் 1871-இல் அவர் தொடங்கிய பட்டறை, கூட்டாளியின் காரணமாக மூழ்கும் நிலைக்கு வந்தது. பெர்தா தம் சீதனப் பணத்தைத் திருமணத்துக்கு முன்பே பெற்று, கூட்டாளியின் பங்கை வாங்க உதவினார். அவர்கள் திருமணம் 1872-இல் நடந்தது. அதன் பின்னரும் வறுமை விடவில்லை. ஆயினும் 1879-ஆம் ஆண்டின் கடைசி இரவில், கணவனும் மனைவியும் பட்டறைக்குச் சென்று முயன்று பார்த்தபோது, அதுவரை அடம்பிடித்த எஞ்சின் ஒருவாறு ஓடத் தொடங்கியது. புத்தாண்டுக்கு அதைவிட இனிய பரிசு வேறு உண்டோ?

கார்லின் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு 1886 ஜனவரி 29-ஆம் நாளன்று காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது. ஆனால் அதை நம்பி வாங்குவார் இல்லை. கார்லும் தயங்கினார், வண்டியைத் தொலைவுக்கு எடுத்துச் செல்லவில்லை. சீதனம் முழுவதும் அந்த வண்டியில் அல்லவா முடங்கிக் கிடந்தது! பெர்தா ஒரு முடிவுக்கு வந்தார்.

1888 ஆகஸ்ட் மாதத்தில் ஒரு விடியற்காலை. கணவர் உறங்கிக்கொண்டிருந்தார். தாயைப் பார்க்கப் போவதாக ஏற்பாடு செய்துகொண்டு, 15 வயது யூகன், 13 வயது ரிச்சர்டு ஆகிய இரு புதல்வர்களுடன் பெர்தா வண்டியில் புறப்பட்டார். மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்குச் சுமார் 100 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். குதிரை வண்டிகளுக்கென்று இருந்த பாதை அது. பெட்ரோல் நிலையம் ஏது? மெக்கானிக் ஏது?

எரிபொருள் குறைந்தபோது வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக் கடையில், துணிக்கறை போக்க விற்ற லிக்ராயின் என்ற திரவத்தை வாங்கி ஊற்றினார். எஞ்சின் சூடாகாதிருக்க ஆங்காங்கே தண்ணீர் நிரப்பினார்கள். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது, தலையிலிருந்த தொப்பி ஊசியை உருவி அடைப்பை நீக்கினார். சங்கிலியைச் சரிசெய்யக் கொல்லர் ஒருவர் உதவினார். மரத்தாலான பிரேக் தேய்ந்ததும் செருப்புத் தைப்பவரிடம் தோல் வாங்கி அதன்மேல் பொருத்தச் செய்தார். மேட்டில் வண்டி ஏறாதபோது இறங்கித் தள்ளினார்கள்.

இடையில், மின்பொறிக்கு மின்சாரம் கொண்டு செல்லும் கம்பியின் மேலுறை தேய்ந்து போயிற்று. பெர்தா தம் காலுறையை இறுக்கிப் பிடிக்கும் பட்டியைக் கழற்றி அந்தக் கம்பியின்மேல் சுற்றினார். வண்டி மீண்டும் ஓடியது!

இதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. ஏனெனில் எங்கள் காரின் நோயும் அதுவே. மெக்கானிக் முதலில் மல்டிமீட்டரை வோல்ட் பகுதியில் வைத்து பேட்டரியைச் சோதித்தார். 12 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டியது. பேட்டரிமேல் குற்றமில்லை. பிறகு பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, ஓம் பகுதியில் காயிலை அளந்தார். காயிலின் ஒரு சுற்றில் சில ஓம்களும், மற்றொன்றில் பல ஆயிரம் ஓம்களும் இருக்க வேண்டுமாம். அதுவும் சரியாக இருந்தது. கடைசியாக, காயிலிலிருந்து டிஸ்டிரிபியூட்டருக்குச் செல்லும் ஒயரின் இரு நுனிகளையும் கழற்றி, ஒரு முனையை ஒயரிலும் மற்றொன்றைக் காரின் இரும்பிலும் வைத்தார். தொடர்பே இருக்கக் கூடாத இடத்தில், தடை ஏறக்குறைய சுழி என்று காட்டியது.

காரணத்தை அவரே விளக்கினார். காயிலில் ஓடும் மின்சாரம் சட்டென்று அறுபடும்போதுதான் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பி, ஸ்பார்க் பிளக்கில் பொறி பறக்கும். மேலுறை தேய்ந்த ஒயர் இரும்பைத் தொட்டதால், மின்சாரம் அறுபடாமல் ஓடிக்கொண்டே இருந்தது, பொறி வரவில்லை. டேப் சுற்றியதும் கார் புறப்பட்டது. பிளக்குக்குச் செல்லும் உயர் மின்னழுத்தத்தை மட்டும் இந்தக் கருவியால் ஒருபோதும் அளக்கக் கூடாது என்றும் எச்சரித்தார்.

நமக்கு வழிகாட்ட இன்று கருவி உண்டு. மல்டிமீட்டர் பிறக்காத அந்த நாளில், பெர்தாவுக்குத் துணை நின்றவை அவர் கண்ணும் கையும் கூர்ந்த அறிவுமே.

அன்று மாலை தாய்வீட்டை அடைந்ததும் கணவருக்குத் தந்தி கொடுத்தார். சில நாட்களில் வண்டியிலேயே திரும்பினார். ஊரெங்கும் அதே பேச்சு. மேடு ஏற இன்னொரு கியர் வேண்டும் என்பது போன்ற குறைகளையும் கணவரிடம் எடுத்துரைத்தார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பென்ஸ் நிறுவனம் உலகின் பெரிய கார்த் தொழிற்சாலைகளுள் ஒன்றாயிற்று.

கார்ல் 1929-இல் மறைந்தார். அவர் பயின்ற கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், 1944 மே 3-ஆம் நாள், 95-ஆம் பிறந்த நாளன்று பெர்தாவுக்குக் கௌரவச் செனட்டர் என்ற சிறப்பை அளித்தது. இரண்டு நாட்களுக்குப் பின் லாடன்பர்க் நகரில் அவர் உயிர் நீத்தார். அவர் சென்ற பாதை 2008 முதல் அவர் பெயராலேயே நினைவுப் பாதையாக விளங்குகிறது.

அன்புத் தோழியரே, பெண்ணாகப் பிறந்துவிட்டாளே என்று வருந்தி எழுதிய வீட்டுக்குத்தான் பெர்தா தம் வண்டியை ஓட்டிச் சென்றார். யாரையும் கடிந்துகொண்டு அவர் பதில் சொல்லவில்லை. வாசலில் வண்டியை நிறுத்திக் காட்டினார். இனி வழியில் வண்டி நின்றால் நாமும் உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டாம். இறங்கிப் பார்ப்போம், கேட்போம், கற்றுக்கொள்வோம். அடுத்த முறை மல்டிமீட்டரின் கறுப்பு முனையையாவது என் கையில் கொடுக்கும்படி நான் கேட்கத்தான் போகிறேன்.