முணுமுணுக்கும் பிள்ளையும் வைகாட்ஸ்கியும்

1896இல் ஓர்ஷாவில் பிறந்து, மாஸ்கோவில் சட்டம் பயின்ற லெவ் வைகாட்ஸ்கி, பின்னர் குழந்தை உளவியலுக்கு வந்தார். இளமையிலேயே காசநோய் அவரைப் பற்றியது. வேலை கடினமாகும்போது குழந்தைகள் தமக்குத்தாமே பேசிக்கொள்வது மிகுவதை அவர் கண்டார். அப்பேச்சே நாளடைவில் ஒலியடங்கித் திட்டமிடும் சிந்தனையாகிறது என்பது அவர் முடிவு. ஏடிஎச்டி உள்ள பிள்ளைகளிடம் இம்மாற்றம் தாமதமாகலாம். ஆகவே, வீட்டுப்பாடம் செய்கையில் உங்கள் பிள்ளை முணுமுணுத்தால் அதட்டாதீர்கள்.

அவருடைய சகா லியோன்தியெவ் நடத்திய விளையாட்டுச் சோதனையில், நினைவூட்டும் வண்ண அட்டைகளைப் பெற்ற பள்ளிச் சிறுவர்கள் விதிகளைக் குறைவாகவே மீறினர். மழலைகளுக்கோ அட்டைகள் பெரிதும் பயன்படவில்லை. காலைக் கடமைகளைப் படங்களாகச் சுவரில் ஒட்டினாலும், தொடக்கத்தில் நீங்கள் உடனிருந்து அவற்றைச் சுட்டிக்காட்ட வேண்டியிருப்பது இதனாலேயே.

வைகாட்ஸ்கி 1934இல், 37ஆம் வயதில் காலமானார். சிந்தனையும் பேச்சும் குறித்த அவருடைய நூல் அவ்வாண்டிலேயே, அவர் மறைந்த பின்னர் வெளிவந்தது.