வேறுபாட்டை அளந்த மேதை மகலனோபிஸ்

நம் வகுப்பில் ஒரே உயரமுள்ள இருவர் அருகருகே நின்றால், இருவரின் உடலமைப்பும் ஒன்றே எனக் கண் சொல்லும். எலும்பு அவ்வாறு சொல்வதில்லை. இடுப்பு மூட்டையே எடுத்துக்கொள்வோம். தொடை எலும்பின் மேல்முனை உருண்டையாக இருக்கும். இடுப்பெலும்பில் உள்ள குழிவுக்குள், கிண்ணத்தில் பந்து அமர்வதுபோல் அது அமர்ந்து சுழலும். உருண்டையையும் எலும்பின் நெடிய தண்டையும் கழுத்துப் போன்ற பகுதி இணைக்கிறது. அக்கழுத்து தண்டோடு சேரும் கோணம் வளர்ந்தவர்களிடம் ஏறத்தாழ 125 பாகை என நூல்கள் கூறும். ஆயினும் ஒருவருக்கு அது 120 ஆகவும் மற்றொருவருக்கு 135 ஆகவும் இருக்கலாம். உருண்டையின் விட்டம், கழுத்தின் நீளம், அது முன்னோக்கித் திரும்பியுள்ள அளவு, கிண்ணத்தின் ஆழம் ஆகிய யாவும் ஆளுக்கு ஆள் மாறுபடுகின்றன. மூட்டுத் தேய்ந்து நடக்க இயலாத ஒருவருக்குச் செயற்கை மூட்டுப் பொருத்தும் மருத்துவருக்கு இம்மாறுபாடுகள் சிறியவை அல்ல. அளவு தவறினால் கால்களின் நீளம் வேறுபடும். மூட்டு நழுவவும் கூடும்.

இத்தனை அளவுகளையும் ஒருங்கே வைத்து, ஓர் உடல் மற்றோர் உடலிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்று ஒரே எண்ணால் கூற இயலுமா? இயலும் என்று காட்டியவர் மருத்துவர் அல்லர். கல்லூரியில் இயற்பியல் கற்பித்த ஆசிரியர் ஒருவர்.

பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1893ஆம் ஆண்டு சூன் 29ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். அவருடைய குடும்பம் பிரம்ம சமாசத்தைச் சார்ந்தது. மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்றார். அங்கு ஜகதீச சந்திர போசும் பிரபுல்ல சந்திர ராயும் அவருக்கு ஆசிரியர்களாக அமைந்தனர். 1913இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றார். இலண்டனில் சேரும் எண்ணத்தோடு சென்றவர், கேம்பிரிட்ஜ் நகரைப் பார்க்கப் போன நாளில் கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தின் அழகில் மயங்கி நின்றுவிட்டார். இலண்டனுக்குத் திரும்ப வேண்டிய கடைசி இரயிலும் போய்விட்டது. அன்றிரவு நண்பரோடு தங்கியவர், மறுநாளே அக்கல்லூரியில் சேர முயன்று வெற்றியும் பெற்றார். இந்தியப் புள்ளியியலின் வரலாறு ஓர் இரயிலைத் தவறவிட்டதில் தொடங்குகிறது என்றால் அது மிகையாகாது.

அங்கே நம் கும்பகோணத்துக் கணிதமேதை இராமானுஜன் அவருக்கு நண்பரானார். குளிரில் உறக்கமின்றி வருந்திய இராமானுஜன், இரவில் மேலங்கியை அணிந்து சால்வையைப் போர்த்துக்கொண்டு படுப்பதை மகலனோபிஸ் அறிந்தார். படுக்கையறைக்குச் சென்று பார்த்தார். கம்பளிகள் மெத்தையின் ஓரங்களில் செருகப்பட்டு, மேலே ஒரு விரிப்பால் மூடப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பதே இராமானுஜனுக்குத் தெரியவில்லை. விரிப்பை எடுத்து, படுக்கும் முறையைக் காட்டிக் கொடுத்தார். எண்களின் ஆழம் கண்டவருக்குக் கம்பளியின் வழி காட்டிய பேறு அவருக்கு வாய்த்தது!

1915இல் படிப்பை முடித்தார். முதல் உலகப்போர் காரணமாகத் தாயகம் திரும்பும் பயணம் தாமதமாயிற்று. அந்த இடைவேளையில் கல்லூரி நூலகத்தில் ‘பயோமெட்ரிகா’ என்னும் ஆய்விதழைக் கண்டார். உயிர்களின் உடலளவுகளைக் கணிதத்தால் ஆராயும் இதழ் அது. அதன் தொகுதிகளை விலைகொடுத்து வாங்கி, கப்பலிலேயே படிக்கத் தொடங்கினார். கல்கத்தாவை அடைந்ததும் தாம் பயின்ற கல்லூரியிலேயே இயற்பியல் ஆசிரியரானார். மனமோ புள்ளியியலில் ஊன்றிவிட்டது.

1920இல் நாகபுரியில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில், இந்திய விலங்கியல் அளவைத் துறையின் தலைவர் நெல்சன் அன்னண்டேல் அவரிடம் ஒரு பணியை ஒப்படைத்தார். கல்கத்தாவில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியர்களின் உடலளவுகளை அன்னண்டேல் திரட்டி வைத்திருந்தார். அவற்றை ஆராய்ந்து பொருள் காண வேண்டும் என்பதே அப்பணி. அதன் முதற்பயன் 1922இல் கட்டுரையாக வெளிவந்தது.

உடலை அளப்பது அக்காலத்தில் தீங்கற்ற செயலாக இருக்கவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ரிஸ்லி என்னும் ஆங்கில அதிகாரி வங்க மக்களின் மூக்கையும் தலையையும் அளந்து, அவ்வளவுகளைக் கொண்டு சாதிகளை மேல் கீழ் என வரிசைப்படுத்த முயன்றிருந்தார். மகலனோபிஸ் அந்த எண்களை மீண்டும் கணக்கிட்டுப் பார்த்தார். அச்சான அளவுகள் சில ஒன்றோடொன்று முரண்பட்டன. 1933இல் அவற்றைத் திருத்தி வெளியிட்டார். அவரும் மக்களைச் சாதி, குலம் எனக் குழுக்களாகப் பிரித்தே ஆராய்ந்தார். இன்றைய அறிவியலார் அந்தப் பிரிப்பை ஏற்கத் தயங்குவர். ஆயினும் முடிவை முன்னரே மனத்தில் எழுதிவைத்து அளக்கும் வழக்கத்துக்கு அவர் இடங்கொடுக்கவில்லை. அளப்பவரின் கைப்பிழையைக் குறைக்க, முகத்தின் பக்கத் தோற்றத்தைப் பதிவு செய்யும் புகைப்படக் கருவி ஒன்றையும் அவரே அமைத்தார்.

அவரது பெரும்படைப்பு 1936இல் வெளியான கட்டுரை. இன்று அது ‘மகலனோபிஸ் தொலைவு’ என உலகெங்கும் வழங்குகிறது. அதன் உட்பொருளை எளிதாகக் காணலாம். உயரமானவருக்குக் கால்களும் நீண்டிருப்பது இயல்பு. ஆகவே உயரத்திலும் கால்நீளத்திலும் ஒருவர் கூடுதலாக இருந்தால், அது ஒரே வேறுபாடு இருமுறை சொல்லப்படுவது. இரண்டையும் தனித்தனியே கூட்டினால் கணக்குப் பொய்யாகும். மாறாக, உயரமானவருக்குக் கால்கள் மட்டும் குட்டையாக இருந்தால் அது அரிது. அந்த விலகலுக்குக் கூடுதல் மதிப்புத் தர வேண்டும். மேலும், ஐந்து மில்லிமீட்டர் என்பது உயரத்தில் ஒன்றுமில்லை. தொடை எலும்பின் உருண்டையில் அது பெரிய மாற்றம். அளவுகள் இயல்பாக எவ்வளவு பரவியுள்ளன, எவை எவற்றோடு சேர்ந்து மாறுகின்றன என்னும் இரண்டையும் கருத்திற்கொண்டே இத்தொலைவு கணக்கிடப்படுகிறது.

1946இல் கேம்பிரிட்ஜ் அருங்காட்சியகத்தினர் இம்முறையை நாடினர். சூடான் நாட்டின் ஜெபல் மோயா என்னும் இடத்தில் அகழ்ந்தெடுத்த பழங்கால மனித எலும்புகள் அவர்களிடம் இருந்தன. அவற்றை ஆராய மகலனோபிஸ் தம் நிறுவனத்து இளைஞர் சி. ஆர். ராவை அனுப்பினார். அவ்வாய்வு 1955இல் நூலாயிற்று.

இன்று எலும்பைக் காண அகழ வேண்டியதில்லை. எக்ஸ் கதிர்ப் படம் இடுப்பு மூட்டைக் காட்டும். ஆனால் அது நிழல். கால் சற்றே வெளிப்புறம் திரும்பியிருந்தாலும் கழுத்தின் கோணம் உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றும். சி.டி. ஸ்கேன் எலும்பைப் பல மெல்லிய குறுக்குவெட்டுகளாகப் படம்பிடிக்க, கணினி அவற்றை அடுக்கி முழுவடிவத்தைத் தருகிறது. பலருடைய மூட்டுகளிலிருந்து சராசரி வடிவமும் அது மாறுபடும் வழிகளும் கண்டறியப்படுகின்றன. புதிய நோயாளி ஒருவரின் எலும்பு அச்சராசரியிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்று கணிக்கும்போது, கணினியின் கணக்கில் பெரும்பாலும் வருவது மகலனோபிஸ் தொலைவே. இந்தியர்களின் தொடை எலும்பு அளவுகள் மேலைநாட்டாரின் அளவுகளைவிடச் சராசரியில் சிறியவை என ஆய்வுகள் காட்டியுள்ளன. அங்குள்ளோருக்காக வடித்த செயற்கை மூட்டு இங்குள்ள பாட்டிக்குப் பொருந்துமா என்னும் வினா, ஆதலால், வெறும் கணக்கு அன்று.

1931 திசம்பர் 17ஆம் நாள், மாநிலக் கல்லூரியின் ஓர் அறையிலிருந்து இந்தியப் புள்ளியியல் நிறுவனம் பிறந்தது. 1933இல் ‘சங்கியா’ என்னும் ஆய்விதழ் தொடங்கியது. வங்கத்துச் சணல் வயல்களில் அவர் நடத்திய மாதிரிக் கணக்கெடுப்புகள் 1950இல் தேசிய மாதிரி ஆய்வாக விரிந்தன. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் வரைவிலும் அவர் பங்கு பெரிது. அது தனிப்பாடமாகத் தகும். எலப்புள்ளியில் நெல் அறுவடைக் காலத்தை, நம் அயலார் ‘கொய்த்து’ என்பதை, நீங்கள் அறிவீர்கள். ஊரின் விளைச்சலை அறிய எல்லா வயல்களையும் அளப்பதில்லை. குலுக்கல் முறையில் தேர்ந்த சில வயல்களில் சிறு பகுதியை அறுத்து நிறுத்துப் பார்க்கின்றனர். இம்முறை இந்நாட்டில் வேரூன்ற உழைத்தவர்களுள் அவர் முதன்மையானவர். ஒரே பரப்பை இரு குழுக்கள் தனித்தனியே அளந்து, எண்களை ஒப்பிட வேண்டும் என்பது அவர் வகுத்த நெறி. எலும்புப் படங்களை ஆராய்வோரும் இன்று ஒரே படத்தை இருவரைக் கொண்டு தனித்தனியே அளக்கச் செய்கின்றனர்.

1945இல் இலண்டன் அரசக் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1968இல் பத்மவிபூஷண் விருது பெற்றார். 1972ஆம் ஆண்டு சூன் 28ஆம் நாள், எழுபத்தொன்பதாம் பிறந்தநாளுக்கு ஒரு நாள் முன்னதாக, கல்கத்தாவில் காலமானார். அவர் பிறந்த சூன் 29, 2007 முதல் தேசியப் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.