மீனுக்கு வழி கேட்ட டாக்டர்

மந்தாரக்குப்பத்தில் இருந்து வடலூர் போய், கும்பகோணம் பஸ் ஏறினால் சேத்தியாத்தோப்பு வரும். அடுத்துக் காட்டுமன்னார்கோயில் வரும். அதையும் தாண்டினால், ஆற்றின் குறுக்கே நீளமாக ஓர் அணை தெரியும். அந்த ஊருக்குப் பெயரே அணைக்கரைதான்.

ஆற்றின் பெயர் கொள்ளிடம். அணையின் பெயர் கீழணை. 1836-ம் ஆண்டில் ஆர்தர் காட்டன் என்ற வெள்ளைக்கார என்ஜினீயர் கட்டியது.

கீழணையால் வயல்கள் செழித்தன. இங்கிருந்து வடவாற்றில் ஓடும் தண்ணீர்தான் வீராணம் ஏரியை நிரப்புகிறது. 2004-ம் ஆண்டு முதல் வீராணத்துத் தண்ணீர் குழாய் வழியாகச் சென்னைக்கும் போகிறது.

ஆற்றுத் தண்ணீர் வாய்க்காலுக்குத் திரும்பியது. நல்லதுதான். ஆனால், கடலில் இருந்து ஆற்றில் ஏறி வந்துகொண்டிருந்த மீன்கள் எங்கே போயின?

இந்தக் கேள்விக்கு விடை தேடி ஊர் ஊராகச் சென்றவர் ஒரு டாக்டர். அவர் பெயர் பிரான்சிஸ் டே. நம் நாட்டு மீன்களைப் பற்றி ஆராய்கிறவர்கள் இன்றும் அவருடைய புத்தகத்தைப் புரட்டாமல் இருப்பதில்லை.

அவருடைய வாழ்க்கைக் கதை இது.

சென்னைக்கு வந்தார்

பிரான்சிஸ் டே 1829-ம் ஆண்டு மார்ச் 2-ந் தேதி இங்கிலாந்தில் பிறந்தார். ஊர், சசெக்ஸ் பகுதியில் உள்ள மேர்ஸ்பீல்டு. வசதியான நிலச்சுவான்தார் குடும்பம்.

லண்டனில் உள்ள செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரியில் வைத்தியம் படித்தார். 1852-ல் சென்னை ராஜதானியின் ராணுவ டாக்டர்களில் ஒருவராக வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 23.

வந்த உடனேயே பர்மா யுத்தம். அங்கே காயம் பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்தார். பிறகு ஒவ்வோர் ஊராக மாற்றல் ஆனது. கடைசியில் கொச்சிக்கு வந்து சேர்ந்தார்.

அவர் வாழ்க்கையை மாற்றியது இந்தக் கொச்சிதான்.

வள்ளமும் தூண்டிலும்

கொச்சியில் எங்கு பார்த்தாலும் தண்ணீர். கடல் ஒரு பக்கம். காயல் ஒரு பக்கம். மலையில் இருந்து இறங்கி வரும் ஆறுகள் ஒரு பக்கம். வீதியில் வண்டி ஓடுவது போலக் காயலில் வள்ளங்கள் ஓடும்.

பெரிய மரத்தைக் குடைந்து செய்யும் ஓடம்தான் வள்ளம். கூட்டாளிகள் இரண்டு, மூன்று பேர் சேர்ந்தால் போதும், மீன் பிடிக்கக் கிளம்பிவிடலாம். ஒருவர் துடுப்புப் போடுவார். ஒருவர் முன்னால் உட்கார்ந்து தண்ணீரைப் பார்ப்பார். இன்னொருவர் உயிருள்ள இறாலையோ சிறு மடவையையோ தூண்டிலில் கோத்து விடுவார். பேச்சு மூச்சு இருக்காது. துடுப்பு வள்ளத்தில் தட்டுகிற சத்தம் கேட்டாலும் மீன் ஓடிவிடும்!

அப்படிப் பிடிபடும் மீன்களில் ராஜா, கொடுவா. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆட்கள் தூண்டில் போடும் மீன்களில் சில வகைகளை பாஸ் என்பார்கள். அந்தப் பெயரையே நம் கொடுவாவுக்கும் வைத்து, ஆசிய சீ பாஸ் என்று அழைக்கிறார்கள். வங்காளத்தில் பெட்கி என்பார்கள். நம் கொள்ளிடம் கடலில் சேரும் இடத்திலும், பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு சேரும் இடத்திலும் கொடுவா உண்டு.

கொடுவா விசித்திரமான மீன். ஆற்றிலும் காயலிலும் வளரும். முட்டை இட உப்புத் தண்ணீருக்கு இறங்கிப் போகும். முதலில் ஆணாக இருக்கும். வளர்ந்து பெரிதானதும் பெண்ணாக மாறிவிடும்!

இப்படி ஒவ்வொரு மீனுக்கும் ஒரு கதை இருக்கிறது. அந்தக் கதைகள் மீனவர்களுக்குத் தெரியும். புத்தகத்தில்தான் இல்லை. இருந்த புத்தகங்களும் சில வகைகளை மட்டுமே சொல்லின.

டாக்டர் டே மீன்களைச் சேகரிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு மீனையும் அளந்தார். துடுப்புகளில் உள்ள முட்களையும், உடம்பில் உள்ள செதில்களையும் எண்ணினார். அந்தந்த ஊரில் மீனுக்கு வழங்கும் பெயரையும் எழுதிக்கொண்டார்.

1863-ல் கொச்சி நாட்டைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1865-ல் மலபார் மீன்களைப் பற்றிய புத்தகம் வெளிவந்தது. வைத்தியம் பார்க்க வந்தவர், மீன் சாஸ்திரி ஆகிவிட்டார்.

அந்த நாளில் அவர் கண்டு எழுதிய மீன்களில் ஒன்றை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உடம்பில் சிவப்புக் கோடும் கறுப்புக் கோடும் ஓடும் அழகான சிறு மீன் அது. சென்னை கவர்னராக இருந்த டெனிசனின் பெயரை அதற்கு வைத்தார். இன்று கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பவர்கள் அதை மிஸ் கேரளா என்கிறார்கள்.

ஊட்டியில் தோல்வி

எல்லாமே வெற்றியாக முடியவில்லை.

குளிர்ந்த ஓடைகளில் வாழும் டிரவுட் என்ற சீமை மீனை நீலகிரிக்குக் கொண்டுவர டே ஆசைப்பட்டார். 1863-ல் இங்கிலாந்தில் இருந்து முட்டைகள் கப்பலில் வந்தன. வழியிலேயே எல்லாம் கெட்டுவிட்டன. பிறகு அவர் செய்த முயற்சியும் பலிக்கவில்லை.

சுமார் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகுதான் நீலகிரியில் டிரவுட் நிலைத்தது. 1907-ல் அவலாஞ்சியில் அதற்கென்றே பொரிப்பகம் ஏற்பட்டது. அதைப் பார்க்க டே உயிருடன் இல்லை.

அணை கட்டியவரே கேட்டார்!

1860-களின் பிற்பகுதியில் ஓர் அதிசயம் நடந்தது.

காவிரியிலும் கொள்ளிடத்திலும் அணை கட்டிய அதே ஆர்தர் காட்டன், சர்க்காருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆறுகளின் குறுக்கே கட்டிய அணைகளால் மீன் வளத்துக்குக் கெடுதல் வந்திருக்கலாம், அதை விசாரிக்க வேண்டும் என்பது அந்தக் கடிதத்தின் கருத்து.

தான் கட்டிய அணையால் ஒரு தீமையும் இல்லை என்று சாதிக்கிறவர்களே அதிகம். காட்டன் அப்படிப்பட்டவர் அல்ல.

விசாரிக்கத் தகுந்த ஆள் யார்? சர்க்கார் டாக்டர் டேயைத் தேர்ந்தெடுத்தது.

இங்கே உல்லம் மீனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வங்காளத்தில் இலீஷ் என்றும், ஆந்திராவில் புலசா என்றும் கொண்டாடுகிறார்களே, அதே மீன்தான். உல்லம் கடலில் வாழும். ஆற்றில் புது வெள்ளம் வந்ததும், முட்டை இடுவதற்காகக் கூட்டம் கூட்டமாக ஆற்றில் ஏறும். வெள்ளத்தை எதிர்த்து நீந்தி வரும்.

அப்படி வரும் மீனுக்கு எதிரே ஓர் அணை சுவர் போல நின்றால்? மேலே போக முடியாது. திரும்பிப் போகவும் மனம் வராது. அணைக்குக் கீழே திரண்டு தவிக்கும். வலை வீசுகிறவர்களுக்கு அது கொண்டாட்டம். வயிறு நிறைய முட்டையுடன் இருக்கும் மீன் அத்தனையும் பிடிபட்டுவிடும். முட்டை இடும் இடத்துக்குப் போனால்தானே அடுத்த ஆண்டுக்குக் குஞ்சு இருக்கும்?

டே இதை எடுத்துச் சொன்னார். அணையை இடிக்கச் சொல்லவில்லை. அணையில் மீன் ஏறிப் போக ஒரு வழி விடவேண்டும் என்று கேட்டார். இங்கிலாந்தில் சாமன் மீனைக் காப்பதற்கு 1861-லேயே சட்டம் வந்திருந்தது. அந்த நாட்டு மீனுக்கு ஒரு நியாயம், இந்த நாட்டு மீனுக்கு ஒரு நியாயமா?

நாடு முழுவதும் சுற்றினார்

1871-ல் இந்தியா, பர்மா முழுவதற்கும் மீன்வள இன்ஸ்பெக்டர் ஜெனரலாக டே நியமிக்கப்பட்டார். ரயில் எல்லா ஊருக்கும் வராத காலம். சிந்து நதி முதல் பர்மா வரை சுற்றினார்.

கலெக்டர்களையும் தாசில்தார்களையும் சர்க்கார் கேள்விகள் கேட்டது. உங்கள் பகுதியில் மீன் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? வலைக் கண்ணின் அளவு என்ன? குஞ்சுகளைப் பிடிக்கிறார்களா? வந்த பதில்களையும், தான் கண்டதையும் சேர்த்து 1873-ல் டே பெரிய அறிக்கை கொடுத்தார்.

தானியம் கூட நுழையாத அளவு சின்னக் கண்ணுள்ள வலைகள் இருந்தன. ஓடையின் குறுக்கே தட்டி கட்டி, ஒரு குஞ்சு கூடத் தப்பாமல் வாரினார்கள். விஷக் காய்களை அரைத்துத் தண்ணீரில் கலக்கினார்கள். குஞ்சு மீனையும் விடாமல் பிடித்தால், நாளைக்குப் பெரிய மீன் எங்கிருந்து வரும்? வலைக் கண்ணுக்கு ஓர் அளவு வேண்டும், விஷம் வைப்பதைத் தடுக்க வேண்டும் என்று டே வாதாடினார்.

எதிர்ப்பும் இருந்தது. ஏழை மீனவன் அன்றாடம் பிடித்து அன்றாடம் சாப்பிடுகிறவன். சட்டம் போட்டால் சேவகர்கள் அவனைத்தான் துன்புறுத்துவார்கள் என்று சில அதிகாரிகள் தயங்கினார்கள். அதிலும் உண்மை இல்லாமல் இல்லை. சட்டம் தள்ளிக்கொண்டே போயிற்று.

வீட்டில் இருள்

இந்த உழைப்புக்கு நடுவே டேயின் குடும்ப வாழ்க்கையில் இடி விழுந்தது. முதல் மனைவி எம்மா இறந்துவிட்டார். 1872-ல் எமிலி என்ற பெண்ணை மணந்தார். அடுத்த ஆண்டே அவரும் இறந்தார்.

டே வேலையை விடவில்லை. 1875 முதல் 1878 வரை, இந்திய மீன்கள் என்ற அவருடைய பெரிய நூல் பகுதி பகுதியாக வெளிவந்தது. அதில் 1,400-க்கும் மேற்பட்ட மீன் வகைகள்! தாள் தாளாகப் படங்கள். தமிழ், தெலுங்கு, மலையாளம், வங்காளம் என்று அந்தந்த மொழிப் பெயர்களும் உண்டு. நம் மீனவர்கள் சொன்ன பெயர்கள் அந்தச் சீமைப் புத்தகத்தில் ஏறின.

1877-ல் ஓய்வு பெற்று, இங்கிலாந்தில் செல்டன்ஹாம் என்ற ஊரில் குடியேறினார். அங்கும் சும்மா இருக்கவில்லை. பிரிட்டிஷ் மீன்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார்.

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் மீன் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் குந்தர். அவருக்கும் டேவுக்கும் ஆகாது. அதனால் டே, தாம் சேர்த்த மீன்களில் பெரும் பகுதியை 1883-ல் ஆஸ்திரேலியாவில் உள்ள சிட்னி மியூசியத்துக்கு விற்றுவிட்டார். நம் ஆறுகளில் நீந்திய மீன்கள் இன்றும் அங்கே கண்ணாடி ஜாடிகளில் இருக்கின்றன.

1889-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி புற்றுநோயால் டே காலமானார். வயது 60.

இறந்த பின் வந்த சட்டம்

அவர் இறந்து எட்டு ஆண்டுகள் கழிந்தன. 1897-ல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பது குற்றம் என்றது அந்தச் சட்டம். வலைக் கண்ணின் அளவுக்கும், ஆற்றின் குறுக்கே கட்டும் தட்டிகளுக்கும் மாகாண சர்க்கார் விதி போடலாம் என்றது. டே கால் நூற்றாண்டுக்கு முன்பே கேட்டவை இவை!

1907-ல் சென்னை ராஜதானியில் சர் பிரெடரிக் நிக்கல்சன் தலைமையில் மீன் துறை தொடங்கியது. 1909-ல் கொள்ளிடக் கரையிலேயே உல்லம் முட்டையைப் பொரிக்க வைக்க முயன்றார்கள்.

ஆனால் உல்லம் மட்டும் தோற்றுவிட்டது. 1934-ல் மேட்டூர் அணை வந்ததும் வெள்ளத்தின் போக்கே மாறிற்று. ஒரு காலத்தில் கூட்டம் கூட்டமாக ஏறி வந்த உல்லம், காவிரியில் இன்று அநேகமாக இல்லை என்றே சொல்லலாம்.

கொடுவாவுக்கு நல்ல காலம் பிறந்தது. சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-ல் கொடுவாக் குஞ்சுகளைப் பொரிக்க வைத்து வெற்றி கண்டது. கொடுவா இப்போது குளங்களிலும் வளர்கிறது.

மீன் இனம் பெருகுவதற்குக் கொஞ்சம் இடமும் காலமும் விடவேண்டும் என்ற எண்ணம் இன்று எல்லாரும் ஏற்றதுதான். நம் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அது மீன்கள் இனம் பெருக்கும் காலம்.

அணை வேண்டும். அணை இல்லாவிட்டால் வயல் இல்லை, சோறு இல்லை. மீனும் வேண்டும். இரண்டும் வேண்டும் என்று சொன்னவர் டாக்டர் டே.

அடுத்த முறை கும்பகோணம் போகும்போது அணைக்கரையில் ஒரு நிமிடம் நின்று கீழே பாருங்கள். பையன்கள் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தால், சின்ன மீனைத் திரும்ப ஆற்றில் விடச் சொல்லுங்கள். பிரான்சிஸ் டே கேட்டதும் அதுதான்!