நிற்க வைக்கப்பட்ட மாவீரன்

(மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு)



ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது பள்ளி ஆண்டு விழாவில் நான் கட்டபொம்மன் வேஷம் போட்டேன். அட்டைக் கத்தி, மை தீட்டிய மீசை, அத்தை கொடுத்த சரிகைச் சேலையில் ஒரு தலைப்பாகை. 1959-ல் வந்த படத்தில் சிவாஜி பேசிய வசனத்தை மூச்சு விடாமல் ஒப்பித்தேன். ஜாக்சன் துரையாக நின்றவன் என் சத்தத்தில் உண்மையாகவே பயந்து இரண்டடி பின்னால் போனான். எனக்கு ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் பரிசு கிடைத்தது. அதில்தான் இன்றைக்கும் சோறு கொண்டு வருகிறேன்.

அந்த வசனம் நம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தச் சந்திப்புக்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது என்று கேட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது. நூலகத்தில் உட்கார்ந்து படித்த பிறகுதான், மேடையில் நான் கத்திய கட்டபொம்மனை விடப் பெரிய கட்டபொம்மன் ஒருவர் இருந்தார் என்று தெரிந்துகொண்டேன். அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வீரபாண்டிய கட்டபொம்மன் 1760-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள் பிறந்தவர். தந்தை ஜெகவீர கட்டபொம்மன், தாய் ஆறுமுகத்தம்மாள். ஊர் பாஞ்சாலங்குறிச்சி. அருப்புக்கோட்டையில் பஸ் ஏறி பந்தல்குடி, எட்டயபுரம் தாண்டி தூத்துக்குடி ரோட்டில் போனால், ஒட்டப்பிடாரம் பக்கத்தில் இருக்கிறது. நம்ம ஊர் மாதிரியே கரிசலும் வெயிலும்தான். 1790 பிப்ரவரி 2-ல் தமது முப்பதாவது வயதில் அவர் பாளையக்காரர் ஆனார்.

பாளையம் என்பது மதுரை நாயக்கர் காலத்தில் வந்த ஏற்பாடு. விசுவநாத நாயக்கரும் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார்கள். பாளையக்காரர் ஊரைக் காவல் காக்க வேண்டும், வழக்குத் தீர்க்க வேண்டும், வரி வசூலித்து மேலே ஒரு பங்கைக் கட்ட வேண்டும். நாயக்கர் ஆட்சி போய் ஆற்காட்டு நவாபு வந்தார். நவாபு கம்பெனிக்காரர்களிடம் கழுத்து வரை கடன் வாங்கினார். கடைசியில் 1792-ல் போட்ட ஒப்பந்தப்படி, பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமை கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. கடன் வாங்கினது நவாபு. அதைக் கட்டினது நம்ம கரிசல் காட்டுச் சம்சாரி!

இந்த இடத்தில் ஒரு ஆச்சரியமான செய்தி. அந்த ஒப்பந்தத்தின்போது கவர்னர் ஜெனரலாக இருந்தவர் காரன்வாலிஸ். 1781-ல் அமெரிக்காவில் யார்க்டவுன் என்ற ஊரில் வாஷிங்டனிடம் சரணடைந்த அதே காரன்வாலிஸ்தான். அமெரிக்கக் குடியேற்ற மக்களும் முதல் நாளே துப்பாக்கி தூக்கவில்லை. எங்கோ இருக்கும் ஆட்சி எங்களைக் கேட்காமல் எப்படி வரி போடலாம் என்று மனு மேல் மனுவாக அனுப்பிப் பார்த்தார்கள். அது பலிக்காத பிறகுதான் அங்கே புரட்சி. அங்கே தோற்று வந்தவர், இங்கே வேறு ஒரு கப்பத்துக்குக் கையெழுத்துப் போட்டார்.

நம்ம பூமியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி மழை பெய்தால் கம்பும் சோளமும் பருத்தியும் உண்டு. பெய்யாவிட்டால் ஒன்றும் இல்லை. கம்பெனி கேட்டதோ தானியம் இல்லை, காசு. அதுவும் நாள் தவறாமல். வானத்தைப் பார்த்து வாழ்கிறவனிடம் காலண்டரைக் காட்டிக் கேட்டால் எப்படி? நிலுவை விழத்தான் செய்யும்.

கட்டபொம்மன் குற்றமே இல்லாதவர் என்று நான் எழுத வரவில்லை. எல்லைத் தகராறில் எட்டயபுரத்தாரோடு அவருக்கு ஓயாத பகை. காவல் வரி விஷயத்திலும் பக்கத்துப் பாளையங்களோடு உரசல் இருந்தது. அந்தக் காலத்துப் பாளையக்காரர் எல்லாருமே அப்படித்தான். ஆனால் அவர் எடுத்த எடுப்பிலேயே கம்பெனியோடு சண்டைக்குப் போனவர் இல்லை. இதுதான் நான் படித்துத் தெரிந்துகொண்ட முதல் பாடம்.

1798 மே மாதம் முடிய அவர் பேரில் இருந்த நிலுவை 3310 பகோடா. (டீக்கடை பக்கோடா இல்லை நண்பர்களே, வராகன் என்ற தங்கக் காசு!) ஒரு பகோடாவுக்கு மூன்றரை ரூபாய் என்று கணக்குப் போட்டால் 11,585 ரூபாய். அன்றைக்கு அது பெரிய தொகை. கலெக்டர் ஜாக்சன் உடனே படை அனுப்பத் துடித்தார். மைசூரில் திப்பு சுல்தானோடு சண்டை வரும் நேரம் என்பதால் சென்னையில் இருந்தவர்கள் சம்மதிக்கவில்லை. ஆகவே ஆகஸ்ட் 18-ல் ஓலை போனது, ராமநாதபுரத்துக்கு வந்து பார்க்கும்படி.

கட்டபொம்மன் போனார். ஜாக்சனோ சுற்றுப்பயணத்தில் இருந்தார். குற்றாலத்தில் பார்க்க முடியவில்லை. சொக்கம்பட்டி, சேத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர், பேரையூர், பாவாலி, கமுதி என்று பின்னாலேயே போனார். எங்கேயும் பேட்டி இல்லை. 23 நாள், 400 மைல். நம்ம கணக்கில் 640 கிலோமீட்டர்! விருதுநகர்ப் பக்கத்துப் பாவாலியில் இருந்து கமுதிக்குப் போக வேண்டுமென்றால் நம்ம அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமையைத் தாண்டித்தானே போக வேண்டும்? நான் தினமும் பஸ்ஸில் வரும் இந்தக் காட்டு வழியாகத்தான், ஆவணி வெயிலில், ஒரு பாளையக்காரர் ஒரு துரையைத் தேடிக்கொண்டு போயிருக்கிறார்.

இதைப் படித்தபோது எனக்கு எங்க அய்யா ஞாபகம் வந்தது. அவர் சீமைக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர். கையெழுத்து மட்டும் போடுவார். எங்க குடும்பத்தில் பத்தாவது தாண்டியது நான்தான் முதல் ஆள். உதவித்தொகைக்கு ஒரு சான்று வாங்க ஒரு அலுவலகத்துக்கு அவர் நாலு தடவை நடந்தார். இங்கே இல்லை அங்கே போ, அங்கே இல்லை நாளைக்கு வா. நாலு நாள் கூலி போச்சு. நாலாவது தடவை நானும் கூடப் போனேன். காலை பத்து மணியில் இருந்து ஒரு மணி வரை, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் நின்றார். உள்ளே பெஞ்சு காலியாகத்தான் இருந்தது. உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, உட்கார அவருக்கும் தோன்றவில்லை. கரிமூட்டப் புகையில் கூட நான் அவர் கண் அப்படிச் சிவந்து பார்த்ததில்லை.

கட்டபொம்மனும் மூன்று மணி நேரம்தான் நின்றார். 1798 செப்டம்பர் 19. ராமநாதபுரம் ராமலிங்க விலாசம். கூட அமைச்சர் தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளை. கணக்கைப் பார்த்தார்கள். 3310-ல் பாக்கி 1080 பகோடாதான் இருந்தது. அதாவது மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அவர் கட்டிவிட்டார். இருந்தும் உட்காரச் சொல்லவில்லை. அவரைப் பிடித்து வைக்கப் பார்த்தபோது கைகலப்பு மூண்டது. லெப்டினன்ட் கிளார்க் என்ற அதிகாரி இறந்தார். தம்பி ஊமைத்துரை துணையோடு கட்டபொம்மன் தப்பினார். தானாபதிப் பிள்ளை சிக்கிக்கொண்டார்.

ஊர் திரும்பியவர் என்ன செய்தார் தெரியுமா? கத்தியைத் தீட்டவில்லை. சென்னைக்கு மனு எழுதினார்! கவர்னர் எட்வர்ட் கிளைவ் மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழுவை அமைத்தார். டிசம்பரில் விசாரணை முடிந்தது. கட்டபொம்மன் மேல் குற்றம் இல்லை என்று அந்த வெள்ளைக்காரக் குழுவே சொன்னது. தானாபதிப் பிள்ளை விடுதலையானார். ஜாக்சன் பதவி இழந்தார்.

நியாயம் கிடைத்துவிட்டதே, பிறகு ஏன் புரட்சி? நான் ரொம்ப நாள் யோசித்த இடம் இது. ஜாக்சன் போனார், லஷிங்டன் வந்தார். ஆள்தான் மாறியது. கப்பம் மாறவில்லை, எங்கோ இருந்து வந்தவன் நம்ம மண்ணுக்கு விலை போடும் உரிமையும் மாறவில்லை. துரை கெட்டவர் என்று நினைக்கும் வரை அது மனக்குறை. துரையை மாற்றினாலும் தீராது என்று தெரியும்போது அது புரட்சி. என் சிற்றறிவுக்கு எட்டியது இதுதான்.

சிவகங்கை மருது சகோதரர்களும் திண்டுக்கல் கோபால நாயக்கரும் அப்போது பாளையக்காரர்களை ஒன்றுசேர்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டபொம்மனும் அந்தப் பக்கம் சாய்ந்தார். ஆனால் 1799 மே 4-ல் திப்பு ஸ்ரீரங்கப்பட்டினத்தில் வீழ்ந்தார். கம்பெனிப் படைக்குக் கை ஓய்ந்தது. மேஜர் பானர்மேன் தெற்கே வந்தார். செப்டம்பர் 5-ல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கியவர்கள் அடிபட்டுத் திரும்பினார்கள். பெரிய பீரங்கிகள் வருவதற்குள் கட்டபொம்மன் இரவோடு இரவாகக் கோட்டையை விட்டு வெளியேறினார். தானாபதிப் பிள்ளை மறுபடி பிடிபட்டு, நமக்குத் தெற்கே இருக்கும் நாகலாபுரத்தில் கொல்லப்பட்டார். புதுக்கோட்டைக் காட்டில் ஒளிந்திருந்த கட்டபொம்மனைத் தொண்டைமான் பிடித்துக் கொடுத்தார்.

1799 அக்டோபர் 16. கயத்தாறு. மற்றப் பாளையக்காரர்களை எல்லாம் வரவழைத்து நிறுத்தி, அவர்கள் கண் முன்னால் விசாரணை என்று ஒன்றை நடத்தி, புளியமரத்தில் தூக்கிலிட்டார்கள். வயது 39. கடைசி வரை அவர் கலங்கவில்லை என்று தூக்கிலிட்ட பானர்மேனே மேலிடத்துக்கு எழுதினார். கோட்டையை விட்டு வந்ததற்கு மட்டும்தான் வருத்தப்பட்டாராம்.

பயம் காட்டினால் அடங்கிவிடும் என்று நினைத்தார்கள். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில் இருந்து தப்பி வந்தார். இடித்துப் போட்ட கோட்டை ஆறே நாளில் எழும்பியது! சுமார் 500 அடிக்கு 300 அடி, முழுக்க மண் சுவர். சிமெண்ட் இல்லை, கம்பி இல்லை. சிவில் படிக்கும் நாம் அந்த மக்களுக்கு ஒரு கும்பிடு போட வேண்டாமா? மே மாதம் கோட்டை விழுந்தது. ஊமைத்துரை கமுதி வழியாக மருது சகோதரர்களிடம் போய்ச் சேர்ந்தார். ஜூன் 16-ல் திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் சின்ன மருதுவின் பிரகடனம் ஒட்டப்பட்டது. அதில் நிலுவைக் கணக்கு எதுவும் இல்லை. சாதி, மதம் பாராமல் எல்லாரும் எழ வேண்டும் என்றது. 1080 பகோடாவில் தொடங்கிய வழக்கு நாட்டு வழக்காக மாறிய இடம் அதுதான். அக்டோபர் 24-ல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். நவம்பர் 16-ல் ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியில் கொல்லப்பட்டார். எஞ்சிய பலரைப் பினாங்குத் தீவுக்கு ஏற்றிவிட்டார்கள். ஊரையே தரைமட்டமாக்கி உழுது போட்டார்கள்.

அழிந்ததா? 1872-ல் பக்கத்து ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்தார். 1974-ல் தமிழக அரசு பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக் கோட்டை கட்டியது. கயத்தாற்றில் சிலை நிற்கிறது.

தோழர்களே, நமக்கு இன்றைக்குக் கத்தி தேவையில்லை. நாளை நம்மில் பலர் ஓவர்சீயராக, ஜூனியர் என்ஜினீயராக ஏதோ ஒரு மேஜைக்குப் பின்னால் உட்காரப் போகிறோம். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவர் வாசலில் நிற்பார். அவர் கையில் காகிதம் சரியாக இல்லாமல் இருக்கலாம். எங்க அய்யாவைப் போல் அவருக்கு வாசிக்கத் தெரியாமல் இருக்கலாம். அப்போது ராமலிங்க விலாசத்தை நினைத்துக்கொள்வோம். முதலில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொல்வோம். கணக்கை அப்புறம் பார்க்கலாம்.

வாழ்க கட்டபொம்மன் புகழ்!