மைபாக்: வெளியேறியவரின் பெயர்

ஜேர்மனியில் 1846இல் பிறந்த வில்ஹெல்ம் மைபாக், பத்து வயதில் தாய் தந்தை இருவரையும் இழந்தவர். ரொய்ட்லிங்கன் நகரின் ஆதரவற்றோர் இல்லம்தான் அவரை வளர்த்துத் தொழில் பழக்கியது. கொட்லீப் டைம்லரைச் சந்தித்ததும் அங்கேதான்.

மேர்சிடிஸ் என்ற பெயரில் வந்த முதலாவது காரை வடிவமைத்தவர் மைபாக். டைம்லர் இறந்தபின் ஓரங்கட்டப்பட்ட அவர், 1907இல் நிறுவனத்தை விட்டு வெளியேறினார்.

1909இல் மகன் கார்லுடன் செப்பலின் வான்கப்பல்களுக்கான இயந்திரத் தொழிற்சாலையைத் தொடங்கினார். முதலாம் உலகப் போரில் அந்த வான்கப்பல்கள் லண்டன்மீது குண்டு வீசின. தோல்விக்குப்பின் விமான இயந்திரத் தயாரிப்பு தடைசெய்யப்பட்டதால், 1921இல் மைபாக் சொகுசுக் கார்கள் வந்தன. 1929இல் வில்ஹெல்ம் காலமானார். அடுத்த போரில் ஹிட்லரின் யுத்த தாங்கிகளை ஓடவைத்தவையும் மைபாக் இயந்திரங்களே.

1960இல் டைம்லர் பென்ஸ் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2002இல் தனி வணிகப் பெயராக மீண்ட மைபாக் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. 2014இல் அது மேர்சிடிஸின் துணைப் பெயரானது. அவர் விட்டுப்போன நிறுவனத்தின் மிக விலையுயர்ந்த கார்களில் இன்று இருப்பது, அந்த அநாதைச் சிறுவனின் பெயர்.