ஆபிரகாம் பண்டிதர்

ஆர்மோனியப் பெட்டியினுள் பித்தளை நாக்குகள் வரிசையாக அமைந்துள்ளன. துருத்தியின் காற்றுப் பட்டு அவை அதிர்வதாலேயே இசை பிறக்கின்றது. நாக்கின் நுனியைச் சிறிது சுரண்டினால் ஓசை உயரும். அடிப்பக்கத்தைச் சுரண்டினால் தாழும். வாயால் ஊதும் மௌத் ஆர்கனுக்கும் இதுவே முறை. ஆயின், எவ்வளவு சுரண்டுவது? நம் இசைக்குரிய சுருதிகள் எத்தனை என்று தெளிந்தாலன்றோ அதனை முடிவு செய்யலாகும்? இவ்வினாவிற்கு விடை காண்பதில் தம் செல்வத்தையும் உழைப்பையும் செலவிட்டவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர்.

அவர் தென்காசிக்கு அருகிலுள்ள சாம்பவர்வடகரையில் 1859ஆம் ஆண்டு பிறந்தார். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றபொழுது பிடில் வாசிக்கவும் கற்றார். பின்னர்த் தஞ்சையில் குடியேறிச் சில ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார். அப்பணியை விடுத்துச் சித்த மருத்துவத்தை மேற்கொண்டபின் பெரும்பொருள் சேர்ந்தது. அப்பொருளில் பெரும்பங்கு இசைக்கே சென்றது. 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, இசைவாணரைத் தஞ்சைக்கு வரவழைத்துத் தம் செலவிலேயே மாநாடுகள் நடத்தினார்.

ஒரு ஸ்தாயிக்கு 22 சுருதிகள் என்பது பழைய வடமொழி நூல்களின் கொள்கை. பம்பாய் மாகாணத்தில் நீதிபதியாயிருந்த கிளெமெண்ட்ஸ் என்னும் ஆங்கிலேயரும், தேவல் என்னும் ஆராய்ச்சியாளரும் அந்த 22 சுருதிகளையும் ஒலிக்கவல்ல ஆர்மோனியம் ஒன்றை இங்கிலாந்தில் செய்வித்தனர். ஸ்தாயிக்குப் பன்னிரண்டு கட்டைகளே உடைய பெட்டியில் இஃது அரிய மாற்றமே.

பண்டிதர் இக்கணக்கை ஏற்கவில்லை. சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் துருவி ஆராய்ந்த அவர், பன்னிரு இராசிகளையுடைய வட்டப்பாலையை அடிப்படையாகக் கொண்டார். சட்சமத்தினின்று பஞ்சமம், அப்பஞ்சமத்தினின்று அதற்குரிய பஞ்சமம் என்று பன்னிரு முறை ஏறினால், தொடங்கிய சுரத்திற்கே மீளுதல் வேண்டும். பஞ்சமத்தை 3/2 என்னும் பின்னத்தால் கணக்கிட்டால் முடிவில் சற்றே மிகுந்துவிடும், வட்டம் மூடாது. ஆதலின் ஸ்தாயியைச் சமமான 12 சுரங்களாகவும் 24 சுருதிகளாகவும் பகுப்பதே பழந்தமிழர் முறை என்று துணிந்தார். இக்கணக்கின்படி, சமமாகச் சுருதி கூட்டிய சாதாரணப் பெட்டியின் 12 கட்டைகளும் சுரத்தானங்களோடு பொருந்துவனவே. இடைப்பட்ட சுருதிகளே அதில் இல்லாதவை.

1916ஆம் ஆண்டு பரோடாவில் அகில இந்திய சங்கீத மாநாடு கூடிற்று. கிளெமெண்ட்ஸின் ஆர்மோனியமும் அவைக்கு வந்தது. பண்டிதரோ தம் புதல்வியரை உடன் அழைத்துச் சென்றிருந்தார். நூற்சான்று மட்டும் போதாதென்று கருதி, அவர்களது பாட்டையும் வீணையையும் கொண்டே தம் கொள்கையை விளக்கினார். ஆயினும் அறிஞர் அனைவரும் ஒருமனப்படவில்லை. கமகத்தால் அசையும் சுரத்தைச் சமப்பகுப்பில் அடக்கலாகாது என்பார் உளர். அது தள்ளத்தக்க தடையன்று. அவ்வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை.

பரோடாவினின்று மீண்ட பண்டிதர், ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை 1917இல் தம் அச்சகத்திலேயே அச்சிட்டு வெளியிட்டார். ஈராண்டு கழித்து, 1919இல் மறைந்தார். எஞ்சிய ஆராய்ச்சியை, பரோடாவில் உடனிருந்த மகள் மரகதவல்லி 1946இல் அந்நூலின் இரண்டாம் பகுதியாக வெளியிட்டார்.